அப்பா பேரில் இருக்கும் பட்டா: கூகுளுக்கும் வாசகருக்கும் சேர்த்து எழுதுவது

"அக்கா, கீவேர்ட் பதினாலு தடவை வந்திருக்கு. போதுமா, இன்னும் ரெண்டு இடத்துல போடட்டுமா?"

கூகுளில் தேடுகிறவர் கண்ணில் படும்படி இணையதளங்களுக்குக் கட்டுரை எழுதித் தருவது எங்கள் வேலை. எங்களோடு புதிதாகச் சேர்ந்த தம்பி கேட்டான். பட்டா மாறுதல் பற்றிய கட்டுரை. திறந்து பார்த்தேன். "நிலம் என்பது மனித வாழ்வின் அடிப்படை ஆதாரமாகும். ஆதிகாலம் தொட்டே மனிதன் நிலத்தோடு பின்னிப் பிணைந்து வாழ்ந்து வருகிறான்" என்று ஆரம்பித்து, மூன்று பத்தி தாண்டியும் தாலுகா அலுவலகம் வந்து சேரவில்லை. கீவேர்ட், அதாவது ஆட்கள் கூகுளில் தட்டுவார்கள் என்று எடுத்துக்கொண்ட 'பட்டா பெயர் மாற்றம் செய்வது எப்படி' என்ற தொடர் மட்டும் பத்திக்குப் பத்தி தலைகாட்டியது.

"உங்க அப்பாவை ஒரே நிமிஷத்துல பதினாலு தடவை கூப்பிட்டா என்ன பண்ணுவார்?" என்றேன்.

"அடிக்க வருவார்."

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நூறு சொல்லுக்கு இத்தனை கீவேர்ட் என்று எங்கோ ஒரு வகுப்பில் கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பத்திரிகை வேலையை விட்டுவிட்டு நான் இந்தப் பக்கம் வந்தபோது எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். கூடவே, மெட்டா கீவேர்ட்ஸ் என்றொரு பெட்டி இருக்கும். வாசகர் கண்ணில் படாத அந்தப் பெட்டியில் நாற்பது ஐம்பது சொற்களைக் கொட்டிவைப்போம். தேடல் முடிவுகளின் தரவரிசைக்கு அதைக் கணக்கில் எடுப்பதில்லை என்று கூகுள் 2009லேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. இன்றைக்கும் அந்தப் பெட்டியை நிரப்பிக் கொடுத்துக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

தேடுகிறவர் என்ன தட்டுகிறார்?

அந்தக் கட்டுரை தென் மாவட்டத்தில் இருக்கும் ஒரு பத்திர எழுத்தரின் தளத்துக்காக எழுதியது. இதே விஷயத்தில் பழைய பக்கம் ஒன்றும் அங்கே இருந்தது. தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தப் பக்கத்துக்கான கூகுள் சர்ச் கன்சோலைத் திறந்தேன். சொந்தத் தளம் வைத்திருக்கும் யாருக்கும் இது இலவசம். என்ன தட்டித் தேடியவர்களுக்கு நம் பக்கம் காட்டப்பட்டது, அவர்களில் எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்று பட்டியல் போட்டுக் கொடுக்கும். கட்டணம் வாங்கும் கருவிகள் ஆயிரம் இருக்கட்டும். நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

பட்டியலில் 'பட்டா பெயர் மாற்றம்' இருந்தது. அதற்குக் கீழே வந்தவைதான் விஷயம். 'அப்பா பேரில் உள்ள பட்டாவை மகன் பேருக்கு மாற்ற'. 'அப்பா இறந்துவிட்டார் பட்டா எப்படி மாற்றுவது'. 'கூட்டு பட்டா தனி பட்டா'. ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழும் நிறைய. இவ்வளவு பேருக்கும் கூகுள் நம் பக்கத்தைக் காட்டியிருக்கிறது. உள்ளே வந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். வந்திருந்தாலும் ஏமாந்துதான் போயிருப்பார்கள். 'அப்பா' என்ற சொல்லே அந்தப் பக்கத்தில் கிடையாது. 'பட்டாதாரர் மரணிக்கும் பட்சத்தில்' என்று ஒரே ஒரு வரி இருந்தது.

பத்திர எழுத்தருக்கு போன் போட்டேன். "சார், அப்பா பேர்ல இருக்கற பட்டான்னு வர்றவங்களுக்கு நீங்க என்ன சொல்வீங்க?"

கொட்டிவிட்டார் மனிதர். "வர்றவங்கள்ல பாதிப் பேர் இதுக்குத்தாம்மா வர்றாங்க. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் ரெண்டும் கையில இருந்தா பட்டா தன் பேருக்கு வந்துரும்னு நெனைக்கிறாங்க. வாரிசுச் சான்றிதழை வெச்சுக் கேட்டா எல்லா வாரிசு பேரும் சேர்ந்து கூட்டுப் பட்டாவாத்தான் வரும். ஒருத்தர் பேருக்கு மட்டும் வேணும்னா மத்தவங்க தங்க பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதி ரெஜிஸ்டர் பண்ணித் தரணும். இல்லேன்னா பாகப்பிரிவினை. நிலத்தைப் பிரிச்சுத் தனித்தனியா கேட்டா உட்பிரிவு, அதுக்கு சர்வேயர் வந்து அளக்கணும். தங்கச்சி கையெழுத்துப் போடமாட்டேங்குது, அது இல்லாம மாத்த முடியுமான்னு என்கிட்ட வந்து நிக்கிறாங்க. நான் என்ன பண்ண?"

ஐந்து நிமிடம் பேசியிருப்பார். தம்பியின் ஆயிரத்து இருநூறு சொல் கட்டுரையில் இல்லாத அத்தனையும் அதில் இருந்தது.

கூகுள் தன் முடிவுகளின் தரத்தை மதிப்பிட ஆட்களை வைத்திருக்கிறது. அவர்களுக்கான கையேட்டில் நிபுணத்துவம், அங்கீகாரம், நம்பகத்தன்மை என்ற மூன்றோடு 2022 டிசம்பரில் 'அனுபவம்' என்பதையும் சேர்த்தார்கள். அதற்கு மதிப்பெண் போட்டு நேரடியாக உங்களை மேலே ஏற்றுகிறார்கள் என்று அர்த்தமில்லை. அப்படிச் சொல்லி விற்பவர்களை நம்பாதீர்கள். ஆனால் அவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்பது தெரிந்துவிட்டது. அந்த ஐந்து நிமிடப் பேச்சு போன்ற ஒன்றைத்தான்.

தம்பி திரும்ப எழுதினான். முதல் வரி இப்போது இப்படி: "அப்பா பேரில் இருக்கும் பட்டா, வாரிசுச் சான்றிதழை மட்டும் வைத்துத் தனியாக உங்கள் பேருக்கு மாறாது, எல்லா வாரிசுகள் பேரிலும் கூட்டுப் பட்டாவாகத்தான் வரும்." மனிதனும் நிலமும் பின்னிப் பிணைந்த கதை போயே போய்விட்டது. துணைத் தலைப்புகளைத் தேடியவர்களின் கேள்விகளிலிருந்தே எடுத்தோம். 'தங்கை கையெழுத்துப் போட மறுத்தால்?' என்று ஒரு துணைத் தலைப்பு. பக்கத்துக்குள் வந்தவர்கள் அதிக நேரம் நின்றது அந்த இடத்தில்தான்.

நம் சொல்லா, அவர்கள் சொல்லா

மருத்துவம் எழுதுகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். மருத்துவர் 'நீரிழிவு' என்று எழுதுகிறார். நாளிதழ் 'சர்க்கரை நோய்' என்கிறது. மருந்துக்கடையில் நிற்பவர் 'சுகர்' என்கிறார். யாழ்ப்பாணத்தில் அது 'சீனி வருத்தம்'. எந்தச் சொல்லைப் போடுவது? எல்லாவற்றையும் ஒரே வரியில் காற்புள்ளி போட்டு அடுக்குவது பழைய வித்தை, வாசிக்கவும் சகிக்காது. தலைப்பில் பெரும்பாலோர் தட்டும் சொல்லை வைத்துவிட்டு, மற்றவை உரையில் இயல்பாக வருகிற இடத்தில் வந்தால் போதும். 2019 டிசம்பரில் கூகுள் தன் தேடலில் பெர்ட் என்ற மொழி மாதிரியை 70க்கும் மேற்பட்ட மொழிகளுக்குக் கொண்டுவந்தது. தமிழும் அதில் உண்டு. சொல்லுக்குச் சொல் பொருத்திப் பார்ப்பதோடு நிற்காமல், 'பேரில்', 'பேருக்கு' என்று உருபு மாறும்போது கேள்வியே மாறுவதை ஓரளவு பிடிக்கிறது. வேற்றுமை உருபுகளை வெட்டியெறிந்து 'பட்டா பெயர் மாற்றம் ஆன்லைன் தமிழ்நாடு' என்று தந்தி நடையில் தலைப்பு வைக்க வேண்டிய காலம் போய்விட்டது. எழுதுகிறவர்களுக்குத்தான் அது இன்னும் எட்டவில்லை.

தலைப்பைப் பற்றி ஒன்று. தேடல் முடிவில் தலைப்பு எழுத்து எண்ணிக்கையை வைத்து வெட்டப்படுவதில்லை, அகலத்தை வைத்து வெட்டப்படுகிறது. நம் ணகரமும் ஔகாரமும் எவ்வளவு இடத்தை அடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆங்கிலத்துக்குச் சொன்ன 'அறுபது எழுத்து' கணக்கு தமிழுக்கு ஒத்துவராது. முக்கியமான சொல் முதலில் வரட்டும்.

தமிழுக்கே உரிய சில தொல்லைகள்

ஔவையார் என்று தட்டுங்கள். ஔ என்பது கணினிக்கு ஒரே எழுத்து. ஆனால் அந்த விசை எங்கே என்று தெரியாமல் பலர் ஒகரத்தைப் போட்டு, பக்கத்தில் ளகரத்தைப் போட்டுவிடுகிறார்கள்: ஒளவையார். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். இயந்திரத்துக்கோ இது 'ஒளி'யின் வகையறா. ஒரு பக்கத்தில் இரண்டையும் எழுதிவைத்து, உலாவியில் கன்ட்ரோல் எஃப் அழுத்தித் தேடிப்பாருங்கள்; ஒன்றைத் தட்டினால் மற்றது அகப்படாது. ஔவையார் பிரபலம், எப்படியும் பிழைத்துக்கொள்வார். ஔஷதம் விற்கிற சின்னக் கடைக்காரர் நிலைதான் பாவம்.

பழைய சிற்றிதழ்களின் தளங்களையும் கோயில் தளங்களையும் சீரமைக்கப் போகும்போது பாமினி எழுத்துருவில் இருக்கும் பக்கங்கள் இன்னும் கிடைக்கின்றன. திரையில் தமிழ் தெரியும். அடியில் இருப்பதோ ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோடு முறைக்கு மாற்றாத வரை அந்தத் தமிழைத் தேடலில் யாரும் கண்டெடுக்கப் போவதில்லை. அரசாணையைப் படமாக எடுத்து ஒட்டிவிட்டு 'முழு விவரம் கீழே' என்று எழுதுவதும் அதே கதைதான். படத்தைப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதில் இருப்பதை நாலு வரி உரையாகவும் எழுதுங்கள். கண் தெரியாதவரின் போன் வாசித்துக் காட்டுவதும் அந்த உரையைத்தான்.

பக்க முகவரியைத் தமிழில் வைக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். தாராளமாக வைக்கலாம், கூகுள் படித்துக்கொள்ளும். ஆனால் 'தமிழ்' என்ற சொல் கணினிக்கு ஐந்து குறியீடு: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஒவ்வொன்றும் மூன்று பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு சேர்ந்து மூன்று எழுத்தாக விரியும். ஆக மொத்தம் 45 எழுத்து, ஒரே ஒரு 'தமிழு'க்கு. இப்படிப்பட்ட முகவரியை வாட்ஸப்பில் ஒட்டினால் திரை முழுக்கப் புரியாத எழுத்தாக வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வைரஸ் லிங்க் என்று நினைத்துத் தொடவே பயப்படுகிறவர்கள் உண்டு. அதனால் நான் ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறேன். எதை வைத்தாலும் வெளியிட்ட பிறகு மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 என்ற நிரந்தரத் திருப்பம் போட்டுவிடுங்கள்.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அது டெவலப்பர் தலைவலி. பக்கத்தில் முதலில் கண்ணில் படுகிற ஆகப் பெரிய படமோ பத்தியோ 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. உங்கள் வாசகர் ஊர்ப்பக்கம் பேருந்தில், ஒற்றைக் கோடு சிக்னலில் படிக்கிறார் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

தலைப்பில் மட்டும் புது வருடம்

இது என் மேல் உள்ள பழி, சொல்லிவிடுகிறேன். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு சடங்கு நடக்கும். பழைய கட்டுரைகளின் தலைப்பில் இருக்கும் ஆண்டை மாற்றுவோம், வெளியான தேதியையும் மாற்றுவோம். உள்ளே கைவைக்க மாட்டோம், நேரம் கிடையாது. அப்படி முதியோர் உதவித்தொகைக் கட்டுரை ஒன்று '2024' ஆகிவிட்டது. உள்ளே மாதம் ஆயிரம் ரூபாய் என்றே இருந்தது. தமிழ்நாடு அரசு அதை 1,200 ஆக்கியது 2023 ஆகஸ்டில்.

ஒரு வாசகர் மின்னஞ்சல் அனுப்பினார். "எங்க அம்மாவுக்கு மாசம் 1,200 வருது. நீங்க ஆயிரம்னு போட்டிருக்கீங்க. அதிகமா வந்த இருநூறைத் திரும்பக் கேப்பாங்களான்னு அம்மா பயப்படறாங்க. என்ன செய்யறது?"

மன்னிப்புக் கேட்டு பதில் போட்டோம், கட்டுரையைத் திருத்தினோம். அதன் பிறகு நான் பொறுப்பு வகிக்கும் எந்தத் தளத்திலும் உள்ளே ஒரு வரியாவது சரிபார்க்காமல் தேதியைத் தொட விடுவதில்லை.

இப்போது ஏ.ஐ. இயந்திரத்திடம் சொன்னால் நிமிடத்துக்கு ஒரு கட்டுரை வந்துவிடுகிறது. ஒரு நாளில் இருநூறு பக்கம் போட்டுத் தருகிறேன் என்று எனக்கே விலைப்பட்டியல் அனுப்புகிறார்கள். இப்படி மொத்தமாக உற்பத்தி செய்யும் பக்கங்களுக்குக் கூகுள் 2011லேயே தன் தேடல் முறையில் செய்த பாண்டா என்ற மாற்றத்தால் ஒரு போடு போட்டது. 2024 மார்ச்சில் இன்னும் கறாராக விதி எழுதியது: எழுதியது மனிதனா இயந்திரமா என்பது பிரச்சினை இல்லை, தரவரிசையைப் பிடிப்பதற்காகவே கூட்டம் கூட்டமாகப் பக்கம் போட்டால் அது விதிமீறல். விதி கிடக்கட்டும், அந்தப் பக்கங்களைப் படித்துப் பார்த்தாலே தெரியும். பட்டா பற்றிய ஒரு பக்கத்தில் 'வயல் அளவீட்டுப் புத்தகம்' என்று வந்தது, 'ஃபீல்ட் மெஷர்மென்ட் புக்' என்பதன் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. தாலுகா அலுவலகத்தில் போய் அதைக் கேட்டால் புத்தகக்கடைக்கு வழி காட்டுவார்கள். அங்கே அதற்குப் பெயர் எஃப்.எம்.பி., தமிழில் புலப்படம்.

'பத்து நாளில் கூகுள் முதல் பக்கம், உத்தரவாதம்' என்று குறுஞ்செய்தி அனுப்புகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதிவைத்திருக்கிறது. இவர்கள் பெரும்பாலும் செய்வது, பல தளங்கள் உங்களைச் சுட்டுவது போலக் கூகுளுக்குக் காட்ட, எங்கெங்கோ இருக்கும் குப்பைத் தளங்களில் காசு கொடுத்து உங்களுக்கு லிங்க் போடுவது. மாட்டினால் அடி வாங்குவது உங்கள் தளம், அவர்கள் அல்ல. எனக்குத் தெரிந்த ஒரு ஜவுளிக்கடைக்காரர் இதைவிடப் பெரிய குழியில் விழுந்தார். தளத்தைப் பார்த்துக்கொண்டவர்கள் டொமைனையே, அதாவது தளத்தின் முகவரிப் பெயரையே, தங்கள் பேரில் பதிந்திருந்தார்கள். பணத் தகராறு வந்ததும் தளம் போயிற்று, பல வருடம் சேர்ந்த கட்டுரைகளும் போயின. டொமைன், தளத்தின் கோப்புகள் இருக்கும் ஹோஸ்டிங், சர்ச் கன்சோல் மூன்றும் உங்கள் மின்னஞ்சலில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். மற்றவர்களுக்கு அனுமதி மட்டும் கொடுங்கள், உரிமையைக் கொடுக்காதீர்கள். பட்டா யார் பேரில் என்று பார்ப்பது போலத்தான் இதுவும்.

பத்திர எழுத்தர் போன வாரம் கூப்பிட்டார். வருகிறவர்கள் கட்டுரையை போனில் திறந்து நீட்டி, "இதுல போட்டிருக்கற மாதிரி விடுதலைப் பத்திரம் எழுதணும்" என்கிறார்களாம். அவருக்கு ஒரே சிரிப்பு. சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "ஒண்ணு விட்டுப்போச்சும்மா. தங்கச்சி கையெழுத்துப் போடத் தயார், ஆனா அது சிங்கப்பூர்ல இருக்கு. அதுக்கு என்ன பண்ணணும்னு கேக்கறாங்க. பவர் பத்திரம் பத்தித் தனியா ஒண்ணு எழுதிருங்க."

தம்பி சர்ச் கன்சோலைத் திறந்து பார்த்தான். 'தங்கை வெளிநாட்டில் பட்டா' என்று தட்டியவர்கள் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள்.