மருந்துக்கு முன்பே வந்துவிட்ட எதிர்ப்பு

"அடிக்கடி சாப்பிட்டு உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது" என்று ஆன்டிபயாடிக் பற்றிச் சொல்வார்கள். பழகுவது உடம்பு அல்ல. சரியாகச் சொன்னால் கிருமிகூடப் பழகுவதில்லை, எதிர்ப்பு உள்ள கிருமி பிழைக்கிறது, இல்லாதது சாகிறது, அவ்வளவுதான். மருத்துவமனைகளை அலைக்கழிக்கும் எம்ஆர்எஸ்ஏவின், அதாவது மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவின் கதை இதற்கு நல்ல சாட்சி.

ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ், சுருக்கமாக ஸ்டாஃப், 1940களிலேயே பெனிசிலினை மீறத் தொடங்கிவிட்டது. லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் மேரி பார்பர் சோதித்தபோது 1948க்குள் பாதிக்கும் மேற்பட்ட ஸ்டாஃப் அந்த மருந்துக்கு மசியவில்லை. பெனிசிலினேஸ் என்ற நொதியை உற்பத்தி செய்து, மருந்தின் மூலக்கூறில் இருக்கும் நான்கு அணு வளையத்தை அவை உடைத்துவிட்டன. 1959இல் வந்த மெத்திசிலினில் அந்த வளையத்தின் அருகே பருமனான ஒரு பகுதி இருந்ததால் நொதியால் நெருங்க முடியவில்லை. கெட்டிக்கார வேலைதான். ஆனால் 1961இலேயே லண்டன் காலிண்டேல் ஆய்வகத்தின் பட்ரீஷியா ஜெவன்ஸ், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளில் மூன்று மெத்திசிலினுக்கும் அடங்கவில்லை என்று அறிவித்தார். மூன்றும் ஒரே மருத்துவமனையிலிருந்து வந்தவை.

அவை வேறு வழியில் தப்பித்திருந்தன. கிருமியின் செல்சுவரைக் கட்டும் புரதங்களைக் கொத்தனார்கள் என்று வைத்துக்கொண்டால், பெனிசிலின் குடும்ப மருந்துகள் செய்வதெல்லாம் அந்தக் கொத்தனாரின் கையை இறுகப் பிடித்துக்கொள்வதுதான். சுவர் பலவீனமாகும், கிருமி வெடித்துச் சாகும். மெக்ஏ என்ற மரபணு வைத்திருக்கும் ஸ்டாஃபிடம் பிபிபி2ஏ என்ற இன்னொரு கொத்தனார் இருக்கிறார். அவர் கை மருந்தின் பிடிக்குள் எளிதில் சிக்காது. எனவே மெத்திசிலின் மட்டுமல்ல, அந்தக் குடும்பத்தின் பெரும்பாலான மருந்துகளும் ஒரே அடியில் வீண்.

இதில் எனக்குப் பிடித்த பகுதி 2017இல் வந்தது. காலிண்டேலில் பத்திரப்படுத்தியிருந்த பழைய மாதிரிகளின் மரபணுத் தொடர்களைப் படித்து, மாற்றங்கள் சேரும் வேகத்தை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டார்கள். ஸ்டாஃப் அந்த மரபணுவைப் பெற்றது 1940களின் நடுப்பகுதியில், மெத்திசிலின் பிறப்பதற்குப் பத்து வருடங்களுக்கும் மேல் முன்னால்! பெனிசிலினை வாரி இறைத்ததே இந்த ரகத்தையும் சேர்த்து வளர்த்துவிட்டிருக்கிறது.

அப்புறம், ஏன் மருத்துவமனையில்? பத்தில் சுமார் மூன்று பேரின் மூக்கில் ஸ்டாஃப் சும்மா குடியிருக்கும், தொந்தரவு தராது. அறுவைக் காயமோ டயாலிசிஸ் குழாயோ கிடைத்தால் உள்ளே போய்விடும். குழாயின் மேல் பிசுபிசுப்பான படலமாகப் படிந்துகொண்டால் மருந்து சரியாக எட்டாது. அதே வார்டில் ஆன்டிபயாடிக் ஓயாமல் ஓடுவதால் சாதுவான கிருமிகள் ஒழிந்து, எதிர்ப்பு உள்ள ஸ்டாஃபுக்கு இடம் காலியாகிறது. ஒரு படுக்கையிலிருந்து அடுத்ததற்குப் பெரும்பாலும் கழுவாத கைகள் கொண்டுபோகின்றன.

அதனால் புது மருந்தைவிடச் சலிப்பூட்டும் வேலைகள்தான் அதிகம் பலன் தந்திருக்கின்றன என்பது என் கருத்து. 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஐசியூ நோயாளிகள் எல்லோரையும் தினமும் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் துடைத்து, ஐந்து நாள் மூக்கில் மியூபிரோசின் என்ற ஆன்டிபயாடிக் களிம்பு தடவியபோது, பரிசோதனைகளில் எம்ஆர்எஸ்ஏ தென்படுவது 37 சதவீதம் குறைந்தது. அந்தக் களிம்பையும் எல்லா இடத்திலும் கண்டபடி பூச முடியாது, மியூபிரோசினுக்கு அடங்காத ஸ்டாஃபும் ஏற்கெனவே இருக்கிறது.