அவருக்குத்தான் தெரியும்: நிறுவனங்கள் மறந்துபோவது எப்படி?

குமரி மாவட்டத்தின் குலசேகரம், கீரிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பொழுது விடியும் முன்பே பால்வெட்டு தொடங்கிவிடும். மரத்துக்குள் நீரழுத்தம் அந்த நேரத்தில்தான் அதிகம். வெயில் ஏறி, இலை வழியே நீர் ஆவியாக ஆவியாக அழுத்தம் இறங்கும், பாலும் குறையும். நெற்றி விளக்கு வெளிச்சத்தில், பழைய வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை இழுத்தெடுத்துவிட்டுப் பட்டையை மெல்லிசாக ஒரு சீவு சீவுகிறார்கள். இதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பவருக்குத் தோன்றும்.

விதிகளை ஒரே பக்கத்தில் எழுதிவிடலாம். வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ வேண்டும். பால்குழாய்கள் மரத்தில் நேர்குத்தாக ஏறாமல் கொஞ்சம் சாய்ந்து ஏறுவதால், இந்தச் சரிவில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். ஒட்டுக்கன்றில் வளர்ந்த மரமானால் சரிவு 30 டிகிரி. ஆழம்தான் சிக்கலே. கேம்பியம் என்ற வளர்திசுவுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் முன்னால் கத்தி நின்றுவிட வேண்டும். பால்குழாய்கள் அந்தத் திசுவை ஒட்டித்தான் நெருக்கமாக இருக்கின்றன. அதனால் முன்கூட்டியே நின்றால் பால் போச்சு. தாண்டினால் காயம். காயம் பட்ட இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். பல வருடம் கழித்து, புதுப்பட்டையில் மறுபடி வெட்ட வரும்போதுதான் இன்றைய தவறு தெரியும்.

இருட்டில் மரத்துக்கு மரம் அந்த 1 மில்லிமீட்டரை அளந்துகொண்டிருக்க முடியாது. வெளியே தக்கைத் திசு, அடுத்து கல்செல்கள் நிறைந்த கரடான அடுக்கு, உள்ளே மென்பட்டை. கத்திக்கு வரும் எதிர்ப்பு மாறுவதைக் கை உணர்ந்துகொள்கிறது. பட்டையின் கனமோ மரத்துக்கு மரம் வேறு. தோட்ட அலுவலகத்துக் கையேட்டில் 30 டிகிரியும் 1 மில்லிமீட்டரும் இருக்கும். இந்த உணர்வு இருக்காது. தோட்டம் உண்மையில் சம்பளம் கொடுப்பது இதற்குத்தான்.

நம்மால் சொல்ல முடிவதைவிட நமக்குத் தெரிந்தது அதிகம் என்று 1966இல் எழுதினார் மைக்கேல் போலன்யி. வேதியியலாளராக இருந்து தத்துவத்துக்கு வந்தவர். உள்ளுறை அறிவு என்று இப்போது சொல்வது அவரிடமிருந்து வந்ததுதான். ஏதோ கைத்தொழிலுக்கு மட்டும் பொருந்துகிற சங்கதி என்று நினைக்க வேண்டாம். புதுவகை லேசர் ஒன்றைக் கட்ட முயன்ற பிரிட்டன் ஆய்வகங்களை ஹாரி காலின்ஸ் என்ற சமூகவியலாளர் ஆராய்ந்தார். 1974இல் அவர் வெளியிட்ட முடிவு: அச்சில் வந்த கட்டுரையை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் அந்த லேசரை இயக்க முடியவில்லை. ஏற்கெனவே கட்டியவரோடு பழகியவர்களால்தான் முடிந்தது. கட்டுரை எழுதியவர்கள் எதையும் ஒளித்தார்கள் என்றில்லை. எதைச் சொல்ல விட்டோம் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை.

இதே கோளாறு பெரிய அளவில் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஃபோக்பேங்க் கதை இருக்கிறது. அணுகுண்டு ஒன்றுக்குள் வைக்கப்படும் ரகசியப் பொருளின் பெயர் அது. 1989 வரை டென்னசி மாநிலத்தில் தயாரித்தார்கள். பிறகு அந்த ஆலையை மூடிவிட்டார்கள். 2000 வாக்கில் பழைய குண்டுகளைப் புதுப்பிக்க மறுபடி தேவைப்பட்டது. ஆவணங்கள் போதவில்லை, செய்தவர்களில் பெரும்பாலோர் ஓய்வுபெற்றோ வேலையை விட்டோ போயிருந்தார்கள். புது ஆலை கட்டிச் செய்து பார்த்தால், பொருள் சரியாக வரவில்லை. சுமார் 6.9 கோடி டாலர் செலவு, ஒரு ஆண்டு தாமதம். கடைசியில் காரணம் பிடிபட்டது. பழைய மூலப்பொருளில் ஒரு மாசு கலந்திருந்தது. தரத்துக்கு அந்த மாசுதான் காரணம். புதிய ஆலையில் சுத்திகரிப்பு நன்றாக நடந்ததால் அது நீங்கிவிட்டது. பழைய ஆட்களை அழைத்துக் கேட்டிருந்தாலும் பயனில்லை, அவர்களுக்கே அது தெரியாது!

‘போகிறதுக்கு முன்னால் தெரிந்ததையெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்க சார்’ என்று ஓய்வுபெறுகிறவரிடம் கேட்பது எல்லா அலுவலகத்திலும் வழக்கம். அவரும் மனது வைத்து நாற்பது பக்கம் எழுதுவார். அதில் கையேட்டில் ஏற்கெனவே இருப்பதுதான் இருக்கும். குறை அவரிடம் இல்லை. கேட்ட கேள்வியில் இருக்கிறது.

கேரி கிளைன் என்ற உளவியலாளர் 1980களில் தீயணைப்புத் தலைவர்களிடம், முடிவுகளை எப்படி எடுக்கிறீர்கள் என்று கேட்டார். நாங்கள் முடிவெல்லாம் எடுப்பதில்லை என்றார்கள். கேள்வியை மாற்றி, கடினமான ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள் என்றதும் விஷயம் கொட்டியது. ஒருவர் தன் ஆட்களைத் திடீரென வீட்டைவிட்டு வெளியேறச் சொன்னார். வெளியேறியதும் தரை இடிந்து விழுந்தது. தனக்கு ஏதோ ஞானதிருஷ்டி என்றே அவர் நம்பியிருந்தார். கிளறிக் கேட்டபோது வந்தவை: தண்ணீர் அடித்தும் தீ அடங்கவில்லை, அறை எதிர்பார்த்ததைவிடச் சூடு, ஆனால் சத்தம் குறைவு. தீ இருந்தது கீழே நிலவறையில்.

பால்வெட்டுக்கும் இதே கதைதான். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கேட்கிறாள் என்று வையுங்கள்:

“அண்ணாச்சி, எங்க நிறுத்தணும்னு எப்பிடித் தெரியுது?”

“அதெல்லாம் கைப்பழக்கம்லா மக்களே.”

பேச்சு முடிந்தது. அதே பெண் நான்கு மரம் தள்ளி நின்று, “இந்த மரத்துல மட்டும் ஏன் மேலாக்க வெட்டுனீங்க?” என்றால், “இதுலயா? கீழ முடிச்சு கெடக்கு பாரு. முன்னால வெட்டுன ஆளு ஆழமாப் போட்டுட்டான். இந்த இடத்துல பட்டைக்குக் கனமில்ல” என்று வரும். முதல் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை, இரண்டாவதுக்கு இருக்கிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: தொழிலை நன்கு தெரிந்தவருக்கு அந்தக் கேள்வி கேட்கத் தோன்றவே தோன்றாது, அதைக் கேட்கப் புது ஆள்தான் வேண்டும். அனுபவசாலியிடம் பேனாவைக் கொடுப்பதைவிட, புது ஆளிடம் பேனாவைக் கொடுத்து அந்த அனுபவசாலியின் பின்னால் அனுப்புவது நல்லது என்பேன்.

அறிவு ஒரு தலைக்குள் மட்டும் இருப்பதில்லை என்பது இன்னொரு சிக்கல். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைத் தண்ணீர் புத்தன் அணைக்கு வந்து பாண்டியன் கால், தோவாளைக் கால்வாய், அனந்தனார் கால்வாய் எனப் பல கால்வாய்கள் வழியே போகிறது. பேச்சிப்பாறையின் முழு நீர்மட்டம் 48 அடி, பெருஞ்சாணியினுடையது 77 அடி என்பது பேப்பர் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். கன்னிப்பூ என்ற முதல் போக நெல் சாகுபடிக்குத் திறந்துவிட்ட தண்ணீர் கடைமடைக்கு வரவில்லையென்றால் எங்கே அடைத்திருக்கும் என்பது கால்வாய்க் கரையில் நடந்து பழகிய லஸ்கருக்கு, அதாவது பாசனத் துறையின் கடைநிலைப் பணியாளருக்குத் தெரியும். பொறியாளருக்கு அது தெரிய வேண்டியதில்லை. எந்த லஸ்கரிடம் கேட்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும். யாருக்கு எது தெரியும் என்ற இந்த ஞாபகத்தை 1985இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் தனியாகப் பிரித்துக் காட்டினார். பத்து ஆண்டு கழித்து அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையில், மூன்று மூன்று பேர் கொண்ட குழுக்களுக்கு ரேடியோ பூட்டக் கற்றுக்கொடுத்தார்கள். தனித்தனியாகக் கற்றுப் பிறகு சேர்ந்தவர்களைவிட, சேர்ந்தே கற்ற குழுக்கள் குறைவான பிழை செய்தன. யார் எதில் கெட்டி என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இடமாற்ற உத்தரவு போகும்போது அழிவது பெரும்பாலும் இந்த ஞாபகம்தான், எந்தக் கோப்பிலும் அது இல்லை.

எழுதிவைப்பதே வீண் என்று சொல்ல வரவில்லை. ஸெராக்ஸ் நிறுவனத்தில் ஜூலியன் ஆர் என்ற மானுடவியலாளர் பழுதுநீக்குபவர்களோடு சுற்றினார். அவர்கள் கையேட்டைவிடச் சாப்பாட்டு நேரத்துக் கதைகளில்தான் அதிகம் கற்றார்கள். அதை வைத்து நிறுவனம் யுரேகா என்ற குறிப்புத் தொகுப்பைத் தொடங்கியது. ஒருவர் களத்தில் கண்ட தீர்வை எழுதுவார், சக தொழிலாளர் சரிபார்ப்பார், எழுதியவர் பெயர் அதோடு நிற்கும். பெயர் இருப்பதில் மரியாதை மட்டும் கிடைப்பதில்லை. மேலும் சந்தேகம் என்றால் யாரைக் கூப்பிடுவது என்பதும் தெரிந்துவிடுகிறது. இன்று அலுவலகத்து வாட்ஸ்அப் குழுக்களில் பாதி வேலை இப்படித்தான் நடக்கிறது. கேள்வி உண்டு, பதில் உண்டு, பெயரும் உண்டு. ஆனால் நடுவே நூறு காலை வணக்கம் வந்துவிடுவதால் போன மாதப் பதிலைத் தேடி எடுக்க முடியாது.

தரச்சான்று விதியான ஐஎஸ்ஓ 9001, 2015 பதிப்பிலிருந்து நிறுவனத்தின் அறிவையும் பேணச் சொல்கிறது. நடைமுறையில் அது பெரும்பாலும் ஓர் அலமாரியில் முடிகிறது. வேலை செய்யும் வழி பழையது: போகிறவரும் வருகிறவரும் சில மாதம் ஒரே மேசையில், ஒரே மரத்தடியில், ஒரே கால்வாய்க் கரையில் சேர்ந்திருப்பது. ஆனால் ஓய்வுபெற்றவரின் இடம் காலியான பிறகுதான் புது ஆளை எடுக்கவே கோப்பு நகர்கிறது. ஒரே பணியிடத்துக்கு இரண்டு சம்பளம் போட்டால் கணக்குத் தணிக்கையில் கேள்வி வரும்.