புகையில் சராசரி உதவாது

தீப்பிடித்த கட்டடத்துக்குள் ஒருவர் எத்தனை நிமிடம் தாங்குவார் என்பதைக் கணினி எப்படிக் கணக்கிடுகிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

2003 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் 'தி ஸ்டேஷன்' இரவு விடுதி எரிந்து 100 பேர் இறந்தார்கள். மேடையில் கொளுத்திய வாணவேடிக்கையின் பொறி, சுவரில் ஒட்டியிருந்த பாலியூரிதேன் நுரையில் பற்றியது. நிஸ்ட் என்னும் அமெரிக்க அரசு ஆய்வு நிறுவனம் மேடைப் பகுதியை மறுபடி கட்டி எரித்தும், கணினிப் பாவனையில் ஓட்டியும் பார்த்தது. ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்திலேயே அங்கே உயிர் தரிக்க முடியாத நிலை வந்துவிட்டது.

பாவனையில் கட்டடம் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு கட்டத்திலும் நொடிக்கு நொடி வெப்பமும் வாயுக்களும் மாறும். அவற்றின் ஊடே நடக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு குடம் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நிற்கும் இடத்து நச்சு அதில் நொடிதோறும் சேர்கிறது. இப்படிச் சேர்ந்த நச்சின் கணக்குக்குப் பெயர் எஃப்.இ.டி. குடம் நிறைந்து இது 1-ஐத் தொட்டால், சராசரி மனிதர்களில் பாதிப்பேர் தாமாக வெளியேறும் திறனை இழப்பார்கள். குழந்தைகளையும் முதியோரையும் எண்ணி 0.3-ஐயே எல்லையாக வைப்பது வழக்கம்.

கார்பன் மோனாக்சைடின் கணக்கு எளிது. காற்றில் பத்து லட்சத்துக்கு 1,000 பங்கு இருந்தால் குடம் நிறைய 35 நிமிடம், 3,500 பங்கு இருந்தால் 10 நிமிடம்.

ஹைட்ரஜன் சயனைடு அப்படியல்ல. என்னை வியக்க வைப்பது இதுதான். நைட்ரஜன் உள்ள நுரைகள் எரியும்போது பிறக்கும் இந்த வாயுவின் அடர்த்தி, ஐ.எஸ்.ஓ. 13571 தரநிலையின் சூத்திரத்தில் 2.36 என்ற அடுக்குக்கு உயர்த்தப்படுகிறது. 100 பங்கில் குடம் நிறைய 23 நிமிடம் ஆகும். 200 பங்கில் நாலரை நிமிடம்கூட ஆகாது.

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் 100 பங்கு உள்ள கூடத்தில் நான்கு நிமிடம் நடந்து வெளியேறுகிறார். இன்னொருவர் 200 பங்கு உள்ள நடைவழியில் இரண்டு நிமிடம் சிக்கி, அடுத்த இரண்டு நிமிடம் தூய காற்றில் நடக்கிறார். இருவருக்கும் சராசரி 100 தான். முதலாமவரின் கணக்கு 0.17, இரண்டாமவருடையது 0.45, எல்லையைத் தாண்டிவிட்டது. ஆகவே யார் எந்த வழியில், எந்த நொடியில் போனார் என்பதைத் தொடர்ந்தே ஆகவேண்டும். வாசலில் நெரிசல் கொல்வதற்கும் இது ஒரு காரணம்: அடர்ந்த புகையில் நிற்கும் ஒவ்வொரு நொடிக்கும் விலை பன்மடங்கு.

கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்தால் மூச்சு வேகமாகும். காற்றில் அது 5 சதவீதம் இருந்தால் மற்ற நச்சுகளின் வரவு 2.7 மடங்காகிவிடும்.

வெப்பத்துக்குத் தனிக் கணக்கு. மெல்லிய உடையோடு 100 டிகிரி செல்சியஸ் காற்றில் 8 நிமிடம் தாங்குபவர், 200 டிகிரியில் முக்கால் நிமிடமே தாங்குவார்.

தீ விபத்து நடந்ததும் விதி என்று சொல்லி நகர்வது எனக்கு ஆத்திரமூட்டுகிறது. இந்தப் பாவனையைச் செய்ய நிஸ்ட் உருவாக்கிய எஃப்.டி.எஸ். மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் நம் கடைகளில் விற்கும் மெத்தையும் சோபாவும் எரிந்தால் எவ்வளவு சயனைடு வரும் என்ற அளவை அதற்குள் இட வேண்டும். அதை ஆய்வகத்தில் எரித்துத்தான் அளக்க முடியும். நம் பல்கலைக்கழகங்களுக்கு அரசு நிதி தர வேண்டியது அந்த அளவீட்டுக்கு.