எந்த வலிக்கு எந்த மாத்திரை?

"எந்த மாத்திரைக்கும் கேட்க மாட்டேங்குது டாக்டர்" என்றபடி அந்த அம்மா மூன்று மாத்திரை அட்டைகளை மேசையில் வைத்தார். பெயர்தான் வேறு வேறு. உள்ளே இருந்தது மூன்றிலும் டைக்ளோஃபினாக் என்ற ஒரே வலி மருந்து. பல வருடமாகச் சர்க்கரை நோய். ராத்திரியானால் இரண்டு பாதமும் நெருப்பாக எரிகிறது, போர்வை பட்டால்கூடத் தாங்க முடியவில்லை என்றார்.

எவ்வளவு வலி என்பதை எல்லோருமே சொல்லிவிடுவார்கள். எப்படி வலிக்கிறது என்பதைத்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

கணுக்கால் சுளுக்கி வீங்குகிறது என்று வையுங்கள். அடிபட்ட இடத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரந்து வலி நரம்பின் நுனியை உசுப்பிவிடும். டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் எல்லாம் அந்தச் சுரப்பைத் தடுப்பவை. ஆஸ்பிரினும் அப்படித்தான் என்று பிரிட்டிஷ் மருந்தியலாளர் ஜான் வேன் 1971இல் கண்டுபிடித்தார்; 1982இல் அதற்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. சிக்கல் என்னவென்றால், இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும் சிறுநீரகத்துக்கு ரத்தம் சீராகப் போக உதவுவதும் இதே புரோஸ்டாகிளாண்டின்தான். மாத்திரைக்குக் கணுக்கால் எது, இரைப்பை எது என்று தெரியாது.

அந்த அம்மாவின் பாதத்தில் காயமும் இல்லை, வீக்கமும் இல்லை. சர்க்கரை நோயால் கெட்டுப்போயிருந்தது நரம்பு. அதனால்தான் அத்தனை டைக்ளோஃபினாக்கும் வீண். முதலில் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிய ரத்தத்தில் கிரியாட்டினின் பார்க்கச் சொன்னேன். அப்புறம் நரம்பு வலிக்குக் கொடுக்கும் ப்ரீகாபாலினைக் குறைந்த அளவில் எழுதினேன்.

இரண்டே நாளில் கோபமாகத் திரும்பி வந்தார். "எனக்கென்ன வலிப்பா இருக்கு?" மருந்தோடு வந்த துண்டுச்சீட்டைப் படித்திருக்கிறார். தப்பு என்னுடையது, முன்பே சொல்லியிருக்க வேண்டும். வலிப்புக்கும் கொடுக்கும் மருந்துதான் அது. நரம்புகள் அளவுக்கு மீறிச் செய்தி அனுப்புவதை அடக்கும். கேட்க ஓரிரு வாரம் ஆகலாம், தலைசுற்றும், தூக்கம் வரும், திடீரென்று நிறுத்தக் கூடாது என்பதையெல்லாம் அன்றைக்குத்தான் விளக்கினேன்.

காயமும் இல்லாமல், நரம்பும் கெடாமல் உடம்பெல்லாம் வலிப்பவர்களும் உண்டு. வலியை மூளை கையாளும் விதமே அவர்களுக்கு மாறியிருக்கும். ஸ்கேனில் ஒன்றுமில்லை, வலியும் இல்லை என்று அவர்களை அனுப்பிவைத்த காலம் எனக்கும் உண்டு.

பாராசிட்டமால் பற்றி ஒன்று. ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. மீறினால் கல்லீரல் போகும். சளி மாத்திரைகள் பலவற்றிலும் அது இருக்கிறது, கணக்கில் சேருங்கள்.

மூன்றாம் வாரம் அந்த அம்மா வந்தார். எரிச்சல் பாதிதான் குறைந்திருக்கிறதாம். ஆனால் போர்வை போர்த்திக்கொள்ள முடிகிறது என்றார்.