ஓபியாய்டு இழப்பீட்டுப் பணம்: வட கரோலினாவில் யாரிடம், என்ன கேட்பது?

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ஓபியாய்டு வகை வலி மாத்திரையில் தொடங்கிய போதைப் பழக்கத்துக்கு மகனைப் பறிகொடுத்த ஒரு தாயுடன் கவுண்டி (மாவட்ட) அலுவலகங்களுக்கு அலைந்தேன். "இழப்பீட்டுப் பணம் வந்திருக்கிறதாமே, விண்ணப்பம் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டார். சுகாதாரத் துறை நிதிப் பிரிவைக் கை காட்டியது. நிதிப் பிரிவு, மேலாளர் அலுவலகத்தை. அங்கிருந்து மறுபடி சுகாதாரத் துறைக்கே. அப்படி ஒரு விண்ணப்பமே கிடையாது என்பதைச் சொல்ல மூன்று இடத்திலும் ஆளில்லை.

இந்த மாத்திரைகளைத் தயாரித்த, விநியோகித்த மெக்கெசன், கார்டினல் ஹெல்த், ஜான்சன் அண்ட் ஜான்சன் போன்ற நிறுவனங்கள் தருவது அரசுகள் தொடுத்த வழக்குகளுக்கான பணம். குடும்பங்களின் கைக்கு அது வராது. ஆக்ஸிகான்டின் என்ற வலி மாத்திரையைத் தயாரித்த பர்டியூ நிறுவனத்தின் திவால் வழக்கில் தனிநபர்களுக்கென்று ஒரு தொகை உண்டுதான். ஆனால் அதற்கு மனுச் செய்யும் கெடு 2020 ஜூலையோடு முடிந்துவிட்டது. ஆகவே "உங்கள் பங்கை வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடுங்கள்" என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள்.

வட கரோலினாவுக்கு 2038 வரை வரவிருப்பது சுமார் 150 கோடி டாலர். அதில் 15 சதவீதம் மாநில அரசுக்கு. மீதி 85 சதவீதம் நேரே 100 கவுண்டிகளுக்கும் சில நகராட்சிகளுக்கும் போகிறது. அதனால் தலைநகர் ராலேக்கு மனு எழுதிப் பயனில்லை. உங்கள் கவுண்டி ஆணையர் வாரியம்தான் முடிவெடுக்கிறது. ஒவ்வொரு செலவுக்கும் அது மாநிலத்தின் முன் அனுமதி வாங்க வேண்டியதில்லை. கணக்கு பிறகுதான் கேட்கப்படும். அந்த இடைவெளியில்தான் நாம் கண்ணை வைத்திருக்க வேண்டும்.

உங்களுக்குப் பிடி தருவது ஒரே ஒரு தாள். பணத்தைத் தொடுவதற்கு முன்பே வாரியம் தீர்மானம் நிறைவேற்றியாக வேண்டும். எந்தப் பட்டியலின் எந்த எண்ணுள்ள பணிக்கு, எவ்வளவு தொகை, எந்தக் காலத்துக்கு என்று அதில் இருக்க வேண்டும். "போதை ஒழிப்புக்கு" என்று மொத்தமாக எழுதியிருந்தால் அது போதாது. பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். பொது நிதியோடு கலக்கக் கூடாது.

இந்தப் பணத்தை எந்தப் பணிகளுக்குச் செலவிடலாம் என்று சொல்லும் பட்டியல்கள் இரண்டு. 'ஏ' பட்டியலில் 12 பணிகள்: சிகிச்சை, மீள்வோருக்கான தங்குமிடம், நலாக்சோன் (ஓபியாய்டு அளவு மீறி மூச்சு நிற்பவரை மீட்கும் மருந்து) வழங்கல், சிறையில் இருப்பவர்களுக்கான சிகிச்சை போன்றவை. 'பி' பட்டியல் மிக நீளம். ஏறக்குறைய எதையும் அதற்குள் நுழைத்துவிடலாம். ஆனால் அதைத் தொடுமுன் பலதரப்பினரையும் கூட்டித் திட்டமிட்டு, வாரியத்துக்கு அறிக்கை தர வேண்டும். 'பி' என்று கண்டால் அந்த அறிக்கையைக் கேளுங்கள். யார் யார் கூட்டத்துக்கு வந்தார்கள் என்றும் கேளுங்கள். பாதிக்கப்பட்ட குடும்பம் ஒன்றுகூட இல்லாமல் அதிகாரிகளே கூடிக் கலைந்திருக்கவும் கூடும்.

தேவாலயக் கொட்டகையில் மீட்பு இல்லம் நடத்தும் சிறு அமைப்புகளுக்கு ஓர் எச்சரிக்கை. ஒப்பந்தம் கிடைத்ததும் காசு கைக்கு வந்துவிடும் என்று ஆள் சேர்க்காதீர்கள். முதலில் நீங்கள் செலவழித்து, பில் கொடுத்த பிறகே பணம் தருவோம் என்ற நிபந்தனை இருக்கலாம். மூன்று மாதச் சம்பளத்தைக் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். கையெழுத்துக்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.

தீர்மானத்தின் நகலை வாரியத்தின் கிளார்க்கிடம் பொதுப் பதிவுச் சட்டப்படி மின்னஞ்சலில் கேளுங்கள். "எதற்காக?" என்று திருப்பிக் கேட்டால் காரணம் சொல்லத் தேவையில்லை, சட்டமே அப்படிச் சொல்கிறது. நிதியாண்டு ஜூன் 30 அன்று முடிகிறது. அதிலிருந்து 90 நாளுக்குள் செலவுக் கணக்கு மாநிலத்துக்குப் போக வேண்டும். அக்டோபரில் அதையும் கேளுங்கள். பட்ஜெட் ஜூனுக்குள் முடிந்துவிடுவதால், பேச வேண்டியதை ஏப்ரல், மே மாதங்களிலேயே பேசிவிடுங்கள். மாதம் ஒருமுறையாவது பொதுமக்கள் பேச வாரியம் நேரம் ஒதுக்கியாக வேண்டும். இது தவிர, இந்தப் பணம் பற்றியே ஆண்டுக்கு ஒரு பொதுக்கூட்டமும் கட்டாயம்.

அந்தத் தாய்க்கு நகல் வந்தது. 'ஏ' பட்டியல், எண் 7: நலாக்சோன். அடுத்த கூட்டத்தில் எழுந்து, "மருந்து எங்கே இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். சுகாதாரத் துறை அலமாரியில் என்றார்கள். அலுவலகம் ஐந்து மணிக்கு மூடிவிடும். தன் மகன் மூச்சு நின்றது இரவு பதினொன்றுக்கு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.