ஒரே வயர், மூன்று கணினி: ரவுட்டர் ஏன் குழம்புவதில்லை?

கொக்குவிலில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். விறாந்தையில் மகன் சூம் வகுப்பில் இருக்கிறான். அறைக்குள் மகள் ஏ.எல். பாஸ்ட் பேப்பர் இறக்குகிறாள். குசினியில் அம்மா, ரொறன்ரோவில் இருக்கும் சித்தியோடு வீடியோ கோலில். வீட்டுக்கு வரும் பைபர் வயர் ஒன்று. வெளியுலகுக்குத் தெரியும் ஐபி முகவரியும் (இணையத்தில் தரவு வந்து சேர வேண்டிய இடத்தைக் காட்டும் எண்) ஒன்றுதான். பிறகு எப்படிச் சித்தியின் முகம் மகனின் திரைக்குப் போகாமல் சரியாகக் குசினிக்கு வருகிறது?

ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் தானாகவே ஓர் உள்முகவரி கொடுக்கிறது. பெரும்பாலும் அது 192.168 என்று தொடங்கும். அதே 192.168.1.5 பக்கத்து வீட்டிலும் இருக்கலாம், சித்தி வீட்டிலும் இருக்கலாம். மதிலுக்கு வெளியே அதற்குப் பெறுமதியில்லை.

ஆகவே தரவு வெளியே போகும்போது ரவுட்டர் உள்முகவரியை எடுத்துவிட்டுத் தன் வெளிமுகவரியைப் போடுகிறது. கூடவே ஒரு போர்ட் எண், அதாவது ஒரே முகவரியில் எந்தத் தொடர்பு யாருடையது என்று பிரித்தறியும் இலக்கம். மகனின் 192.168.1.5, போர்ட் 51000 என்பது வெளியில் 40001 ஆகப் போகிறது. மகளின் கணினியும் தற்செயலாக 51000 ஐயே எடுத்திருந்தால் அதற்கு 40002. இந்தச் சோடிகளை ரவுட்டர் ஓர் அட்டவணையில் குறித்து வைக்கிறது. பதில் 40002 க்கு வந்தால் மகளுக்கு, அவ்வளவுதான். மொத்தம் 65,536 எண்கள், ஒரு வீட்டுக்குத் தாராளம். வேகம் மட்டும் பெருகாது, இருப்பதைத்தான் பங்கிடலாம்.

‘நாட்’ (NAT, முகவரி மாற்றம்) எனப்படும் இந்த முறை 1994 இல் குறுங்காலத் தீர்வாக முன்வைக்கப்பட்டது. காரணம், 32 பிட் நீளமான ஐபி முகவரிகள் உலகம் முழுவதற்கும் ஏறத்தாழ 430 கோடிதான். அவற்றின் உலகப் பொதுக் கையிருப்பு 2011 பெப்ரவரியில் தீர்ந்தும் போனது. தற்காலிகம் என்று வந்தது இன்னும் போகவில்லை.

கரண்ட் போய் வந்தால் அட்டவணை அழிந்துவிடும்; ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வைப்பது வீண் செலவல்ல.

சிக்கல் வெளியிலிருந்து யாராவது முதலில் கதவைத் தட்டும்போதுதான். சித்தி ஊர் வீட்டு சிசிடிவி கமராவைப் பார்க்க முயன்றால், அட்டவணையில் அதற்குப் பதிவில்லை. ரவுட்டர் அந்தத் தரவை எறிந்துவிடும். போர்ட் ஃபோர்வேர்டிங் செய்து நிரந்தரப் பதிவு போடலாம். ஆனால் ரவுட்டர் காட்டும் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையான ஒன்றில் தொடங்கினால் அதில் மினக்கெட வேண்டாம்; இணைப்புக் கொடுக்கும் கம்பனியே மேலே இன்னொரு ‘நாட்’ வைத்திருக்கிறது. தனியாகப் பொது முகவரி கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால், தானே வெளியே போய் சேவரோடு இணையும் கமராவாக வாங்குங்கள்.