வறண்ட மாதங்களில் காய்கறித் தோட்டம்: தண்ணீர் வேருக்குப் போகிறதா?

ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெறும் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், வறண்ட நிலத்துப் பயிர்முறைகளுக்கு என்ன வேலை என்று பலர் என்னிடம் கேட்பதுண்டு. அந்த மழை ஆண்டு முழுவதும் ஒரே சீராகப் பெய்வதில்லை என்பதுதான் அதற்கான பதில். பொங்கலையும் தைப்பூசத்தையும் ஒட்டிய ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மழையில்லாத நாள்கள் வாரக்கணக்கில் நீளும். மாநிலத்துக்கான மூலநீரில் (சுத்திகரிக்கும் முன் ஆற்றிலிருந்து எடுக்கும் நீரில்) 80 விழுக்காட்டுக்கும் மேல் அண்டை மாநிலமான கெடாவில் தோன்றிவரும் மூடா ஆற்றிலிருந்தே எடுக்கப்படுவதால், அங்கு மழை பொய்த்தால் இங்கும் கவலைதான். 2024 ஜனவரியில் சுங்கை டுவா நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் பராமரிப்பு வேலைகளுக்காகக் குழாய்நீர் சில நாள் நிறுத்தப்பட்டபோது, குடிக்கவும் சமைக்கவும் சேமித்த நீரைச் செடிகளுக்கு ஊற்ற யாருக்கும் மனம் வரவில்லை.

வேளாண் ஆலோசகராக நான் பார்க்கும் வீட்டுத் தோட்டங்களில், செடி வாடுவதற்குப் பெரும்பாலும் நீர்ப் பற்றாக்குறை காரணமாக இருப்பதில்லை. ஊற்றிய நீர் வேரைச் சென்று சேராததே காரணமாக இருக்கிறது. அடுக்குமாடி வீட்டின் நடைக்கூடத்தில், கறுப்புப் பாலிபேக்கில் நிற்கும் மிளகாய்ச் செடியை எடுத்துக்கொள்ளுங்கள். மேல்மண் நனைந்து கறுத்திருக்கும்; விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டால் மண் தூளாக உதிரும். கோகோபீட் என்னும் தென்னை நார்த்தூள் கலந்த மண் ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்டால், சுருங்கிப் பையின் ஓரத்தை விட்டு விலகிவிடும். பிறகு அது நீரை எளிதில் ஏற்காது. ஊற்றும் நீர் அந்த இடுக்கு வழியாக இறங்கி, அடித்துளையில் வழிந்து தரையை நனைக்கும். நீர் வழிவதைப் பார்ப்பவரோ, செடி வயிறு நிறையக் குடித்துவிட்டது என்று எண்ணிக் குழாயை மூடிவிடுவார். அத்தகைய பையை நீர் நிரப்பிய வாளிக்குள் அரைமணி நேரம் நிறுத்தி, அடியிலிருந்து ஊறவைக்க வேண்டும்.

நீரை மேலே ஊற்றாமல் வேருக்கு அருகிலேயே கொடுக்கும் முறைகளில் மிகப் பழமையானதும், என் அனுபவத்தில் மிக நம்பகமானதும் மண்பானைப் பாசனம். கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த சீன வேளாண் நூலொன்றில், குழியின் நடுவே பானையைப் புதைத்து, சுற்றிலும் நான்கு முலாம்பழ விதைகளை ஊன்றி, பானையின் வாயை ஓட்டால் மூடும்படி சொல்லப்பட்டிருக்கிறது. மெருகிடப்படாத பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து சுற்றியுள்ள மண்ணை நனைக்கிறது. மண் ஈரமாக இருக்கும்போது கசிவு குறைகிறது, வேர்கள் நீரை உறிஞ்சி மண் காயத் தொடங்கும்போது கசிவு கூடுகிறது. செடிக்கு எவ்வளவு வேண்டும் என்று நாம் கணக்குப் போடத் தேவையில்லை. மேல்மண் காய்ந்தே இருப்பதால் ஆவியாகி வீணாகும் நீரும் குறைவு, முளைக்கும் களையும் குறைவு.

ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் பொங்கலை ஒட்டி மண்பானைகள் விற்பனைக்கு வரும். வண்ணம் பூசிய பானையை வாங்க வேண்டாம். பூச்சு துளைகளை அடைத்துவிடும். பொங்கல் வைத்து முடித்த பானையும் இதற்கு ஏற்றதன்று, ஏனெனில் பாலின் கொழுப்பும் நெய்யும் அதன் சுவரில் ஏறியிருக்கும். புதுப்பானையில் நீர் நிரப்பி ஓர் இரவு வைத்துப் பாருங்கள். காலையில் வெளிப்புறம் ஈரம் கசிந்து நிறம் மாறியிருந்தால் அது பயன்படும். கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி புதைத்து, கத்தரி, தக்காளி, வெள்ளரி, பாகல் போன்றவற்றை ஒரு சாண் தள்ளிச் சுற்றிலும் நடலாம். வேர் பானையை எட்டும் வரை, முதல் சில வாரங்களுக்கு நாற்றுகளுக்குக் கையால் நீர் ஊற்றியே ஆக வேண்டும். இதைச் செய்யாமல் பானைமீது பழி போடுபவர்கள் அதிகம்.

மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவில் யாக்கூபா சவாடோகோ என்ற விவசாயி, 1980களின் வறட்சியின்போது இறுகிக் கிடந்த நிலத்தில் குழிகள் தோண்டி, எருவிட்டு, கிடைத்த சிறு மழையையும் அவற்றில் தேக்கித் தானியம் விளைவித்தார். 2018-இல் அவருக்கு ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. மாற்று வேளாண்மையில் ஆர்வமுள்ள நம்மவர்கள் இந்தக் குழிமுறையை அப்படியே பின்பற்ற விரும்புகிறார்கள். நீர் நிற்காத மணற்பாங்கான மண்ணில், வறண்ட மாதங்களில் மட்டும் அதைச் செய்து பார்க்கலாம். பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் கடலோரக் களிமண்ணில் செய்தால், முதல் பெருமழையிலேயே குழி குளமாகி வேர் அழுகிவிடும்.

ஈரம் காயாதபடி மண்ணை மேலே மூடிவைக்கும் மூடாக்கு எந்த மண்ணுக்கும் பொருந்தும். காய்ந்த இலை, விதை பிடிக்காத லாலாங் புல், கிடைத்தால் செம்பனைக் குலைச்சக்கை (பழம் எடுத்த பிறகு மிஞ்சும் வெறுங்குலை) என எதையாவது மூன்று அங்குல உயரத்துக்குப் பரப்பித் தண்டைச் சுற்றிச் சற்று இடம் விடுங்கள்.

மண் தரையே இல்லாத அடுக்குமாடிக் குடியிருப்பாளர்களுக்கு, அடியில் நீர் தேங்கும் வாளியைப் பரிந்துரைக்கிறேன். நன்றாகக் கழுவிய 20 லிட்டர் வாளியின் பக்கச்சுவரில், அடியிலிருந்து மூன்று அங்குல உயரத்தில் ஒரு துளையிட்டு, துளை மட்டம் வரை சரளைக்கல் நிரப்பி, அதன்மேல் துணி விரித்து மண் போட வேண்டும். துணியின் ஒரு பகுதியைத் திரியாகக் கல்லுக்குள் இறக்கிவிட்டால், நீர் அதன் வழியே மேலேறும். ஆனால் தேங்கும் நீர் எதுவாயினும் ஏடிஸ் கொசுவை மறக்கக் கூடாது. முட்டை கொசுவாக மாற ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். ஆகவே வாளித்துளைக்கு நுண்வலையும், பானைக்கு இறுக்கமான மூடியும் கட்டாயம். டிங்கி பரவும் குடியிருப்புகளில் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

வறண்ட மாதங்களில் நீரை அதிகம் கேட்கும் கங்கோங் கீரையைத் தள்ளிவைத்து, வெண்டை, காராமணி, கத்தரி ஆகியவற்றை நடுவது நல்லது. ஏப்ரல் வாக்கில் மழை வலுத்ததும், பானைகளை வெளியே எடுத்து, சுவரில் படிந்த உப்பைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர்த்திக் கவிழ்த்து வையுங்கள். குழிப் பாத்திகளை மேட்டுப் பாத்திகளாக மாற்றும் வேலையையும் அதே வாரத்தில் முடித்துவிடுங்கள்.